அரைக் காட்டிக் காக்கை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு காலத்தில் காக்கையே கிடையாது என்று சொன்னால் இன்று சிரிக்கிறார்கள். தலைக்கு மேலே மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்துகொண்டு அவையும் சிரிக்கின்றன. ஆனால் உண்மை அதுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்தபோது, கழுத்து சாம்பல் நிறமாக இருக்கும் நம் வீட்டுக் காக்கை கிள்ளானிலும் துறைமுகத்துப் பக்கத்திலும்தான் இருந்தது. காப்பித் தோட்டத்துப் புழுவைத் தின்னட்டும் என்று யாரோ ஒரு துரை சிலோனிலிருந்து கூண்டில் அடைத்துக் கப்பலேற்றிக் கொண்டுவந்தாராம். கிள்ளானில் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். காப்பி போய் ரப்பர் வந்தது. காக்கை மட்டும் ஊர் திரும்பவில்லை. நம் ஆட்களும் அப்படி வந்து தங்கியவர்கள்தானே, அதனால் நான் அதைக் குறை சொல்வதில்லை.

எங்கள் வீட்டில் காக்கை இல்லாதது சாதாரண விஷயமாக இருக்கவில்லை. அதனால் என் அம்மா பட்டினி கிடந்தாள்.

அப்பா கிள்ளான் துறைமுகத்தில் ரப்பர் கிடங்கில் எடை போடுகிறவர். ஆளும் எடையான ஆள்தான். அவர் உட்கார்ந்தால் பலகை முனகும். கல்யாணமான நாளிலிருந்து அம்மா அவருக்கு முன்னால் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. அவர் கிடங்கிலிருந்து வர மூன்று மணியானால் அவளுக்கும் மூன்று மணிதான். கடைசி ஒரு வருஷம் பக்கவாதம் வந்து அப்பாவின் வலது கையும் காலும் செத்துப்போயின. அம்மா அவரைத் தூக்கி உட்கார வைத்து, வாயில் ஊட்டி, துடைத்து, படுக்க வைத்துவிட்டுத்தான் தன் தட்டை எடுப்பாள். அவர் போன பிறகு அந்த இடத்துக்குக் காக்கை வந்தது. தினமும் முதல் பிடி சோறு காக்கைக்கு. அது எடுத்த பிறகுதான் அவளுக்கு. கிள்ளானில் இதனால் ஒரு தொல்லையும் இல்லை. அம்மா "கா" என்று வாய் திறப்பதற்குள் நாலு காக்கை வந்து சட்டிக்குள்ளேயே தலையை விட்டுவிடும்.

பிரிக்பீல்ட்ஸில் எங்களுக்குக் கிடைத்தது ரயில் பாதையை ஒட்டிய பலகை வீடு. அடுக்களைக்குத் தகரக் கூரை. வந்த மறுநாளே அம்மா அதன்மேல் சோற்றை வைத்துவிட்டு "கா, கா" என்று கூப்பிட்டாள். மைனா வந்தது. சிட்டுக்குருவி வந்தது. எதிர்வீட்டுக் கோழி ஒன்று எப்படியோ கூரைமேல் ஏறி வந்தது. காக்கை வரவில்லை. அம்மா வாசற்படியில் உட்கார்ந்து காத்திருந்தாள். நான் வேலை முடிந்து வந்தபோதும் உட்கார்ந்திருந்தாள்.

"மைனா தின்னா என்னம்மா? அதுவும் பறவைதானே?" என்றேன்.

"மைனாகிட்ட போய் உங்கப்பா எங்கேன்னு கேக்கச் சொல்றியா?" என்றாள்.

இப்படியே ஆறு மாதம் ஓடியது. பகல் சோறு இல்லை. விளக்கு வைத்த பிறகு ஒரு டம்ளர் காப்பி, இரண்டு கவளம் தண்ணீர்ச் சோறு, அவ்வளவுதான். நான் புண் கழுவி மருந்து கட்டுகிற டிரஸ்ஸர். ஒடிந்த எலும்பை டாக்டர் துரை சேர்த்து வைத்தால், மூங்கில் தப்பை வைத்துக் கட்டுவதும் நான்தான். மனித உடம்பில் எந்த எலும்பு எங்கே இருக்கிறது என்று தோலைத் தடவிப் பார்த்தே சொல்லுவேன். அம்மா விஷயத்தில் தடவிப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. காறை எலும்பு இரண்டும் சேலைக்கு மேலே தெரிந்தன. ஒருநாள் குழாயடியில் குடத்தோடு மயங்கி விழுந்தாள்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. நான் அப்போதே முன்கோபக்காரன், இப்போதும் அப்படித்தான். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். அம்மாவைப் படுக்க வைத்துவிட்டு, தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன்: "இப்ப என்ன, காக்கா வேணும், அவ்வளவுதானே? கிள்ளான்லேருந்து ஒண்ணப் புடிச்சாந்து உங் காலடியிலயே கட்டிப் போடுறேன். அப்பவாச்சும் திம்பியா?"

கண்ணை மூடிப் படுத்திருந்தவள் கண்ணைத் திறந்தாள். "கொண்டாருவியாய்யா?" என்று கேட்டாள்.

வாய்க்கொழுப்பு சீலையில் வடிகிறது என்பார்களே, அப்படி ஆயிற்று என் கதை. சொன்ன சொல்லை விழுங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ரயிலில், மூடியுள்ள ஒரு பிரம்புக் கூடையை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன்.

பாசாரில், அதாவது சந்தையில், மீன் கடைகளுக்குப் பின்னால் கழிவு கொட்டும் இடத்தில் காக்கைகள் கருப்பாக அப்பிக் கிடந்தன. கூடையைக் கவிழ்த்து, ஒரு குச்சியால் முட்டுக் கொடுத்து, குச்சியில் கயிறு கட்டி, கீழே இறால் தலைகளைப் போட்டுவிட்டு மறைந்து நின்றேன். எங்கள் ஊர்க் காக்கைக்கு நான் எம்மாத்திரம்? பக்கவாட்டில் நின்று கழுத்தை மட்டும் நீட்டி, குச்சியைத் தொடாமல் இறாலை எடுத்துக்கொண்டு போயின. மூன்று தடவை இப்படி ஏமாந்தேன். மீன் விற்ற மலாய்க்காரர் ஒருவர், இதைச் சமைக்கப் போகிறாயா என்று மலாயில் கேட்டார். இல்லை, என் அம்மா சாப்பிடுவதற்காக என்றேன். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கும் என்று உறைத்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாலாவது தடவை ஒன்று அகப்பட்டது. நான் கூடையை நிமிர்த்தி மூடியைக் கட்டுவதற்குள் பாசாரில் இருந்த அத்தனை காக்கையும் என் தலைக்கு மேலே வந்துவிட்டன. ஒன்று உச்சந்தலையில் கொத்தியே விட்டது. காக்கை தலையில் கொத்தினால் ஆகாது என்பார்கள். எனக்கு ஆகாத காரியம் நடக்க, திரும்பும் ரயிலில் பத்து தீகா என்ற ஸ்டேஷன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அங்கே வண்டி குலுங்கி நின்றபோது கூடை பலகையிலிருந்து கீழே விழுந்தது. மூடியின் கயிறு அவிழ்ந்தது. மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குள் காக்கை கிளம்பிவிட்டது. பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டார்கள். ஒரு சீனக் கிழவர் குடையை விரித்தார். காக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பறந்து, திரும்பி, ஜன்னலைப் பார்த்துவிட்டது. எனக்கு அம்மா குழாயடியில் விழுந்து கிடந்ததுதான் கண்ணில் வந்தது. பெஞ்சின்மேல் தாவி ஏறிக் கையை வீசினேன். அகப்பட்டது இறக்கையின் நுனி. அது ஒரு பக்கம் இழுக்க, நான் ஒரு பக்கம் இழுக்க, "பொட்" என்று ஒரு சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். சாரத்திலிருந்து விழுந்தவனைத் தூக்கும்போதும், கையைச் சேர்த்துக் கட்டும்போதும் கேட்டிருக்கிறேன். எலும்பு சேரக் கட்டுகிற கை என்று என் கையைப் பற்றி எனக்கு ஒரு பெருமை உண்டு. அந்தக் கையால் ஒடித்திருந்தேன். காக்கை கத்தக்கூட இல்லை. அலகைத் திறந்தபடி என்னைப் பார்த்தது. கோலாலம்பூர் வரும்வரை அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வந்தேன்.

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றாள். துண்டைப் பிரித்தேன். தொங்கிய இறக்கையையும் ரத்தத்தையும் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"எந்தக் கை?" என்றாள்.

"வலது."

அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் இரண்டு கைகளையும் நீட்டினாள். "குடு, நான் புடிச்சிக்கிறேன். நீ உன் வேலையப் பாரு."

இறகுகளை விலக்கினேன். உடம்பை ஒட்டிய மேல் எலும்பு, நம் கையில் தோளுக்கும் முழங்கைக்கும் இடையே இருக்கிறதே அது, நடுவில் ஒடிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. ஒரு பென்சில் தடிமன்கூட இல்லை. புண்ணைக் கழுவ மருந்துத் தண்ணீரைக் கலந்து எடுத்தேன். ஊற்றப் போகிற நேரத்தில் ஒடிந்த எலும்பின் வாயில் ஒரு ரத்தக் குமிழி தெரிந்தது. பெரிதாகி உடைந்தது. இன்னொன்று வந்தது. நான் புண்ணில் ஏதோ நுரைக்கிறது என்று நினைத்தேன். அப்புறம் கவனித்தால், காக்கையின் மார்பு தணியும்போது குமிழி எழுகிறது. மார்பு விரியும்போது உள்ளே இழுக்கிறது. மார்பு, குமிழி. மார்பு, குமிழி. பஞ்சின் ஒரு இழையைப் பிய்த்து எலும்பின் வாய்க்கு நேரே பிடித்தேன். இழை ஆடியது.

எலும்பு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

எத்தனையோ எலும்பை உள்ளும் புறமும் பார்த்திருக்கிறேன். ரத்தம் வரும், கொழுப்பு வரும், மஜ்ஜை வரும். காற்று வந்து பார்த்ததில்லை. அந்தத் தண்ணீரை ஊற்றியிருந்தால் அது எலும்பு வழியாக நேரே உள்ளே போய், தரையில் இருந்தபடியே அந்தப் பறவை மூழ்கிச் செத்திருக்கும். குவளையைத் தள்ளி வைத்தேன்.

"என்னய்யா?" என்றாள் அம்மா.

"இதுக்கு எலும்புக்குள்ள காத்தும்மா. எலும்பாலயும் மூச்சு விடுது."

அவள் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "முருகா" என்று மட்டும் சொன்னாள்.

ஈரப் பஞ்சால் ஒற்றித் துடைத்து, எலும்பை உள்ளே தள்ளிச் சேர்த்தேன். தப்பை வைக்க முடியாது, எவ்வளவு மெல்லிய மூங்கிலும் அதற்குப் பாரம். இறக்கையை இயல்பாக மடக்கி, உடம்போடு சேர்த்துக் கட்டினேன். அதன் உடம்பே அதற்குத் தப்பை. கட்ட மெல்லிய துணி வேண்டும் என்றதும், அம்மா பெட்டியிலிருந்து அப்பாவின் பழைய வேட்டியை எடுத்து ஓரத்தைக் கிழித்துக் கொடுத்தாள்.

அப்பாவின் டாச்சிங் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு நீளக் குச்சியில் குண்டை நகர்த்தி எடை பார்க்கிற சீனத் தராசு. மருந்து கொடுக்க எடை தெரிய வேண்டும் என்று சாக்குச் சொல்லிவிட்டு, காக்கையைத் துண்டோடு அதில் தொங்கவிட்டேன். துண்டைக் கழித்தால் அரைக் காட்டி, இன்றைய கணக்கில் முந்நூறு கிராம். சந்தையில் அரைக் காட்டிக் கத்தரிக்காய் வாங்கினால் இருவருக்கு ஒரு வேளைக் குழம்புக்குப் பற்றாது. அவ்வளவு பெரிதாகத் தெரிகிற, அவ்வளவு சத்தம் போடுகிற பறவை!

"உங்கப்பா பாடையத் தூக்க ஆறு பேரு வேண்டியிருந்துச்சு, அரைக் காட்டியா?" என்றாள் அம்மா. அவள் உதட்டில் சிரிப்பைப் பார்த்து எத்தனை மாதமாயிற்று!

ஆனால் காக்கை சாப்பிடவில்லை. அன்றைக்கு முழுதும் அடுக்களை மூலையில் பெட்டிக்குள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. அம்மா அதன் எதிரே சோற்றோடு உட்கார்ந்திருந்தாள். இரண்டும் பட்டினி. மூன்று என்று சொல்ல வேண்டும், எனக்கும் இறங்கவில்லை. மறுநாள் காலையில் நான் பொறுமை இழந்து, சோற்றில் நெத்திலிக் கருவாட்டைப் பிய்த்துப் போட்டு உருட்டிக் கொடுத்தேன். அம்மா அதை விரல் நுனியில் வைத்து நீட்டினாள். காக்கை ஒரு கண்ணால் உருண்டையைப் பார்த்தது, இன்னொரு கண்ணால் அவளைப் பார்த்தது. அலகால் மெதுவாக எடுத்து விழுங்கியது. அம்மா எழுந்து போய்ச் சுடுசோற்றைத் தட்டில் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாள். அவள் தோள் குலுங்கியதால் அழுகிறாள் என்று தெரிந்தது. நான் ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிட்டது என்று வெளியே வந்துவிட்டேன்.

எதிர்வீட்டில் ரயில் என்ஜினுக்குக் கரி தள்ளுகிறவரின் மனைவி. கோழிக்காரி. அவள் வந்து பார்த்துவிட்டு வாயில் அடித்துக்கொண்டாள். "என்னாக்கா இது, சனீஸ்வரன் வாகனத்தக் கொண்டாந்து அடுப்படியில வச்சிருக்கீங்க? போற சனியன வெத்தல பாக்கு வச்சி கூப்புட்ட மாதிரிலா இருக்கு?"

"வந்தவங்க சோறு தின்னுட்டுத்தான் போவாங்க. நீயும் உக்காரு," என்றாள் அம்மா. அவள் உட்கார்ந்து தின்றுவிட்டுத்தான் போனாள்.

பறவை எலும்பு சேர மூன்று வாரம் ஆகும் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். அந்த மூன்று வாரமும் எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரிதான். வேலை முடிந்ததும் ஓடி வந்துவிடுவேன். காக்கையின் நல்ல இறக்கையை விரித்துப் பார்ப்பேன். அது கொத்தும், நானும் விடமாட்டேன். உள்ளே இருந்தது நம் கைதான். மேலே ஒரு எலும்பு, கீழே இரண்டு, அப்புறம் மணிக்கட்டு. விரல்கள் மட்டும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகியிருந்தன. கட்டைவிரலுக்குத் தனியாக ஒரு சின்ன இறகுக் கொத்து இருந்தது. இவ்வளவு காலம் கையைப் பற்றி எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். கையால் இதையும் செய்யலாம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

உதிர்ந்து கிடந்த ஒரு இறகை எடுத்து நடுவில் பிளந்தேன். இரண்டாகக் கிழிந்து நின்றது. விரலால் அடியிலிருந்து நுனிக்கு ஒருமுறை நீவினேன். கிழிசல் காணவில்லை. பத்துத் தடவை கிழித்தேன், பத்துத் தடவையும் சேர்ந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் தன் சேலையின் கிழிந்த முந்தானையை நீவிப் பார்த்துவிட்டு, "நமக்கு ஏண்டா இந்த வரம் குடுக்கல?" என்றாள்.

நடுவில் வந்த தீபாவளிக்கு எதிர்வீட்டுக்காரி ஒரு கோழியைக் கொடுத்தாள். அம்மா மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தாள், கோழியை அறுத்துத் துண்டு போடுவது என் வேலை. மார்பில் துருத்திக்கொண்டு ஒரு எலும்பு, சம்பான் படகின் அடிக்கட்டை மாதிரி, கூர்மையாக முன்னால் வந்திருக்கிறது. அதன் இரு பக்கமும் உடம்பிலேயே பெரிய தசை. இறக்கையைக் கீழே அடிக்கிற தசை அது என்று பார்த்தவுடன் புரிந்தது. அப்படியென்றால் மேலே தூக்குவது எது? முதுகில் இருக்கும் என்று தேடினேன். முதுகில் ஒன்றும் இல்லை, தோலும் எலும்பும்தான். பெரிய தசையை உரித்தால் அதன் அடியில் இன்னொரு நீளத் தசை. அதன் முனையில் வெள்ளையாக ஒரு தசைநார். அது தோள் எலும்புகளுக்கு நடுவே ஒரு ஓட்டைக்குள் நுழைந்து மறுபக்கம் போயிருந்தது. தசைநாரைப் பிடித்துக் கீழே இழுத்தேன்.

செத்த கோழி இறக்கையைத் தூக்கியது.

கத்தியைக் கீழே போட்டுவிட்டேன். மறுபடி இழுத்தேன், மறுபடி தூக்கியது. துறைமுகத்தில் கப்பலிலிருந்து மூட்டை இறக்குகிற கப்பியை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். கீழே நின்று கயிற்றை இழுத்தால் சரக்கு மேலே போகும். அதே கப்பிதான் இங்கே தோளுக்குள் இருந்தது. மேலே தூக்குகிற தசையின் பாரத்தையும் கீழே வயிற்றுப் பக்கம் வைத்து, கயிற்றை மட்டும் மேலே விட்டிருக்கிறது. மேல்கனம் இல்லாத படகுதான் கவிழாது. அப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்று என்னை அறியாமல் எழுந்துவிட்டேன். எடைக்காரருக்கு அது ஒரு நொடியில் புரிந்திருக்கும். அப்புறம் உட்கார்ந்தேன்.

குழம்பு கொதித்தது. எலும்பு கடிப்பதில் நான் சூரன். கால் எலும்பைக் கடித்து உறிஞ்சினால் மஜ்ஜை வரும். இறக்கையின் மேல் எலும்பைக் கடித்து உறிஞ்சினால் ஒன்றும் வராது, வெறும் காற்று. பல் முளைத்த நாளிலிருந்து உறிஞ்சியிருக்கிறேன், ஏமாந்திருக்கிறேன், ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அன்று அதை நீளவாட்டில் பிளந்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். காகிதம் போன்ற சுவர். உள்ளே கிள்ளான் ஆற்றுப் பாலத்தின் குறுக்குக் கம்பிகளைப் போல, முனைகளில் மெல்லிய எலும்புக் கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. எங்கே பாரம் விழுமோ அங்கே மட்டும் கம்பி. மற்ற இடம் வெற்றிடம். பொட்டென்று ஒடியும் என்று நான் நினைத்த அதே எலும்பு, ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை காற்றை அடிக்கிறது. அதைப் படைத்தவனோ, படைத்த எதுவோ, ஒரு குன்றிமணி எடையைக்கூட வீணாக வைக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. கோழிக் குழம்பின் முன்னால் உட்கார்ந்து அழுத ஒரே டிரஸ்ஸர் நானாகத்தான் இருப்பேன்.

டாக்டர் துரையிடம் தயங்கித் தயங்கி எலும்பின் மூச்சைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பறவையின் மூச்சு நுரையீரலோடு நிற்பதில்லை, உடம்பெங்கும் காற்றுப் பைகள் உண்டு, அவற்றிலிருந்து எலும்புக்குள்ளும் போகிறது என்றார். நான் கண்டது சரிதான் என்று அவர் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று வாரத்தில் அம்மாவின் கன்னம் தேறியது. தினமும் பத்து மணிக்குக் காக்கைக்கு ஊட்டுவாள், தானும் சாப்பிடுவாள். அதனோடு பேசவும் தொடங்கியிருந்தாள். அரிசி விலை, என் முன்கோபம், எனக்குப் பெண் பார்க்க வேண்டியது, எல்லாம் சொல்வாள். காக்கை தலையைச் சாய்த்துக் கேட்கும்.

கட்டை அவிழ்த்தேன். எலும்பு சேர்ந்த இடத்தில் ஒரு சின்ன முடிச்சு தட்டுப்பட்டது, அவ்வளவுதான். காக்கை இறக்கையை விரித்தது, மடக்கியது. நாலு நாளில் பெட்டியிலிருந்து அம்மியின் மேல், அம்மியிலிருந்து பரண் வரை தாவியது. இன்னும் இரண்டு நாள் போனால் ஜன்னல். அதற்கப்புறம் பகல் சோறு கிடையாது, காறை எலும்பு, குழாயடி.

நான் ஒரு முடிவுக்கு வந்தேன். ஆஸ்பத்திரிக் கத்தரிக்கோலை எடுத்துவந்தேன். பெரிய இறகுகள் ஐந்தாறை வெட்டிவிட்டால் போதும், உயரே எழும்பாது. மறுபடி முளைக்க மாதக்கணக்காகும். முளைத்தால் மறுபடி வெட்டலாம்.

விடுமுறை நாள் காலையில், அம்மா காக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் வலது இறக்கையை விரித்தேன்.

"வலிக்குமா?" என்றாள்.

"நகம் வெட்டுற மாதிரிதாம்மா. ஒண்ணும் தெரியாது."

"அப்புறம் பறக்காதா?"

"இங்கயே இருக்கும். நீ ஊட்டிவிடலாம்."

அவள் பிடியை விடவில்லை. சரி என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு கத்தரியை வைத்தேன். அவள் தன் உள்ளங்கையை இறகுகளின் மேல் வைத்து மூடினாள்.

"ஒரு வருஷம்டா," என்றாள். "அந்த மனுஷன் ஒரு வருஷம் செத்த கையோட கிடந்தாரு. நான் ஊட்டி ஊட்டித் தின்னாரு. ஒவ்வொரு வாய்க்கும் என் மூஞ்சியப் பாத்துக் கண்ணீர் விடுவாரு. 'என்னைப் போக விடுடி'ம்பாரு. நான் விடல. விரதம் இருந்து, வேண்டிக்கிட்டு, புடிச்சு வச்சேன். இப்பத்தான் கை சேந்திருக்கு. மறுபடியும் வெட்டச் சொல்றியா?"

கத்தரியை மடக்கிக் கீழே வைத்தேன். அப்பா அப்படிச் சொன்னது எனக்குத் தெரியாது.

காக்கையை மார்போடு அணைத்துக்கொண்டு அவளே வெளியே நடந்தாள். ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் வெறும் புல்வெளி. நடுவில் போய் நின்று, "வயிறு நிறைஞ்சிருக்கு, போயிட்டு வாங்க," என்றாள். கையைத் திறந்தாள்.

அது உடனே போகவில்லை. அவள் கையிலேயே ஒரு கணம் உட்கார்ந்து, குனிந்து, காலால் உந்தியது. இறக்கை மேலே எழுந்தது. தோளின் ஓட்டைக்குள் அந்த வெள்ளைக் கயிறு ஓடுவதை நான் கண்ணால் பார்த்தேன் என்றுதான் சொல்வேன். இறக்கை கீழே அடித்தது. சிறு முடிச்சுப் போட்டுச் சேர்ந்த எலும்பு தாங்கியது. என் கை ஒடித்து, என் கை சேர்த்த எலும்பு. உள்ளே காற்று, வெளியே காற்று, நடுவில் காகிதம் போல ஒரு சுவர், அது அரைக் காட்டி உயிரைத் தூக்கிக்கொண்டு போயிற்று. சிக்னல் கம்பத்துக்கு மேலே ஏறி, திரும்பி, பாதை போகிற திசையிலேயே போனது. கழுத்து வலிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேர் குணமாகி நடந்து போயிருக்கிறார்கள். யாரும் அப்படிப் போனதில்லை.

திரும்பினால் அம்மா பக்கத்தில் இல்லை. வீட்டுக்கு ஓடினேன். பதினொரு மணிகூட ஆகியிருக்காது. வழக்கம்போல ஒரு பிடி சோறு தகரக் கூரையில் இருந்தது. மைனாக்கள் அதைச் சண்டை போட்டுத் தின்றுகொண்டிருந்தன. அம்மா அவற்றைப் பார்க்கவில்லை. அடுக்களையில் மணை போட்டு உட்கார்ந்து, தட்டில் சோற்றைப் போட்டு, ரசத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "ரசத்துல உப்பு பத்தல. உனக்கு ஊத்துறப்ப போட்டுக்க," என்றாள்.

யார் சாப்பிடுவதற்காகவும் காத்திருக்காமல் அம்மா சாப்பிட்டு அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.